மூலையில் எழுதிய நேரம்

அறுவை அரங்கில் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. பெரிய டாக்டரின் இடது தோளுக்குப் பின்னால் இரண்டு படி உயரத்தில் ஒரு சின்ன இரும்பு மேடை. அதில் ஏறி நின்றால் திறந்த வயிற்றின் உள்ளே தெரியும். எதையும் தொடக் கூடாது, தும்மக் கூடாது, மயக்கம் வந்தால் தயவுசெய்து பின்பக்கமாக விழ வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு பக்கமும் விழவில்லை. மருத்துவப் பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் வேலை. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் அவளுக்குப் பெயர் கிடையாது. டாக்டர்களிலிருந்து தரை துடைப்பவர்கள் வரை எல்லோருக்கும் அவள் பென்சில் அக்காதான்.

அக்காவுக்கு ஒரு சட்டம் இருந்தது. ரப்பர் அரங்குக்குள் வராது. கண் பார்ப்பதைக் கை போடும், போட்ட கோட்டை அழிப்பதில்லை. "இப்போ" என்று பெரிய டாக்டர் சொல்லிக் கொஞ்சம் தோளை விலக்குவார். இரண்டு மூச்சு விடும் நேரம்தான், பிறகு தோள் மறைத்துவிடும். அதற்குள் பார்த்து வரைந்து, தாளின் மூலையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதிவிட வேண்டும். "கேமரா பொய் சொன்னாலும் சொல்லும், இவங்க பென்சில் சொல்லாது" என்று பெரிய டாக்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அக்கா வெட்கப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துவிடும்.

இந்தப் பெருமைதான் அந்தக் கார் ஓட்டும் பள்ளி வாத்தியார் விஷயத்தில் எல்லோரையும் கவிழ்த்தது.

வாத்தியாருக்கு முப்பத்தாறு வயது, பித்தப்பையில் கல். பெரிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அறுவை. பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் குழாய் வந்து, கல்லீரலிலிருந்து இறங்கும் பெரிய குழாயில் சேரும். சின்னதை நறுக்கிப் பையை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பெரியதை நறுக்கினால் ஆளும் முடிந்தார். ஐந்தாம் நாள் வாத்தியாருக்குக் கண் மஞ்சளானது, வயிறு கல்லாக இறுகியது. பெரிய டாக்டர் ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த சின்ன டாக்டர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண், வேறு வழியில்லாமல் வயிற்றை மறுபடி திறந்தாள். பன்னிரண்டாம் நாள் வாத்தியார் செத்துப்போனார். பிரேதப் பரிசோதனையில் பெரிய குழாய் அறுந்து கிடந்தது.

அறுத்தது யார்? முதல் கையா, இரண்டாவது கையா? விளக்கில் பொருத்திய கேமரா ஒரு மாதமாகப் பழுது. வெட்டிய பையைச் சோதனைக்கு அனுப்பாமல் எரித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது அக்காவின் தாள் ஒன்றுதான். அதில் சின்னக் குழாய் அழகாக ஓர் அங்குலம் நீண்டிருந்தது, அதன்மேல் கவ்வி போட்டிருந்தது, பெரிய குழாய் தள்ளி முழுசாக இருந்தது. காலை பத்து நாற்பது. ஆக, விசாரணைக்கு வந்த மூன்று பேருக்கும் சந்தேகமே இல்லை. பழியைச் சின்ன டாக்டர் தலையில் கட்டி, இனி அவள் கத்தியைத் தொடக் கூடாது என்று எழுத வேண்டியது மட்டும்தான் பாக்கி. விசாரணை அறையில் மாட்டுவதற்கு அந்தப் படத்தைப் பெரிதாக, மையில் வரைந்து தரும்படி அக்காவுக்குக் கடிதம் வந்தது.

சின்ன டாக்டர் அவள் அறைக்கே வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, நான் திறந்தப்பவே பெரிய குழாய் அறுந்துதான் இருந்துச்சு. சின்னக் குழாய்னு ஒண்ணு அவருக்கு இருந்த மாதிரியே தெரியலை. பை நேரா பெரிய குழாய் மேலயே ஒட்டியிருந்திருக்கணும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கக்கா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "பார்க்காததை நான் வரைய மாட்டேன். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்கா. அதனாலதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் அக்கா இதைப் புருஷனிடம் சொல்லிப் பொரிந்து தள்ளினாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊர் முழுக்க அளவெடுத்துக் கண்ணாடி மாட்டுகிறவருக்குத் தன் மூக்கில் மட்டும் கண்ணாடி நிற்காது. சின்ன வயதில் பந்து பட்டு மூக்கு இடது பக்கம் கோணிப்போனது. அவர் சுவரில் மாட்டியிருந்த தன் படத்தைக் காட்டினார். கல்யாணமான புதிதில் அக்கா வரைந்தது.

"பார்க்காததை வரைய மாட்டியா? அதுல என் மூக்கைப் பாரு. பதினெட்டு வருஷமா அந்த மூக்குக்கு ஏத்த ஆளா மாறணும்னு நானும் பார்க்கறேன், முடியலை."

அக்கா சிரித்துவிட்டாள். படத்தில் மூக்கு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஆசையில் வரைந்தது, அது வேற என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவினாள். ஆனால் பஸ்ஸில் போகும்போது சிரிப்பு எங்கோ போய்விட்டது.

அவள் அறையில், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை ஒன்று இருந்தது. வாத்தியாரின் தாளை அதில் வைத்து, மேலே புதுத் தாள் போட்டு மையில் எடுக்க வேண்டியதுதான். கவ்வியின் நிழல் எப்படி விழும் என்று ஒப்பிட, போன வருஷத்துப் பித்தப்பைத் தாள் ஒன்றையும் எடுத்து வைத்திருந்தாள். குனிந்து சின்னக் குழாயைப் பார்த்தபோது கோட்டில் ஒரு பிசிறு இல்லை. ஒரு தாள்தான் இருக்கிறது என்று நினைத்தாள். ஓரத்தை விரலால் நெருடினாள். போன வருஷத்துத் தாள் நழுவி வாத்தியாரின் தாள்மேல் கிடந்தது.

கல்லீரலின் விளிம்பு இரண்டு தாளிலும் வேறு வேறாக இருந்தது. கொழுப்பு வேறு, பையின் பருமன் வேறு. சின்னக் குழாய் மட்டும் மேலே கிடந்ததும் கீழே கிடந்ததும் ஒன்றே. மூன்றாவது தாளை எடுத்து வைத்தாள். அலமாரியைத் திறந்து கட்டுக் கட்டாக இறக்கினாள். பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம். நாற்பது வயதுக்காரி, அறுபது வயதுக்காரர், ஒல்லி, குண்டு, எல்லோருக்கும் அதே வளைவு, அதே ஓர் அங்குலம். அவ்வளவு பேரின் வயிற்றுக்குள்ளும் அவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். குழாய் இருக்கும் இடம் வந்ததும் கண்ணைக் கேட்காமல் கையே வரைந்து முடித்திருக்கிறது.

வாத்தியாரின் வயிற்றுக்குள் அன்று என்ன பார்த்தோம் என்று நினைவைக் கசக்கினாள். ரத்தம், துணி, மஞ்சள் கொழுப்பு, தோள். குழாய் நினைவில் இல்லை. வரைந்த குழாய்தான் நினைவில் இருந்தது.

அவள் நேராகப் பெரிய டாக்டரிடம் போனாள். அவர் முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை என்பதுதான் கொடுமை.

"நான் சின்னக் குழாயைத்தான்மா பார்த்தேன். சத்தியமா. உங்க படத்துல இருக்கே, அதே மாதிரி."

"என் படத்துல இருக்கிற மாதிரியா சார்?"

மேசையில் அவர் எழுதிய பாடப் புத்தகம் கிடந்தது. அதில் அந்தக் குழாயை வரைந்தவள் அவள்தான். அவர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"விடுங்கம்மா. இதைச் சொன்னா நான் மட்டும் போக மாட்டேன். நீங்க இத்தனை வருஷம் வரைஞ்சது அத்தனையும் குப்பைக்குப் போயிடும். யோசிச்சுக்குங்க."

அது மிரட்டல் இல்லை, உண்மை. வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னபோது அவர் மூக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பொண்ணு என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

விசாரணை நாளில் அக்கா மையில் வரைந்த படத்தைக் கொண்டுபோகவில்லை. பழைய தாள்களை இரண்டு பைகளில் அடைத்து எடுத்துப் போனாள். என் தாளை நம்பாதீர்கள் என்று அவள் சொன்னபோது மூன்று பேரும் நம்ப மறுத்தார்கள். தலைவர் பரிவாகவே பேசினார்.

"உங்க நேர்மை எல்லாருக்கும் தெரியும்மா. அந்த டாக்டர் மேல இரக்கப்பட்டு உங்க வேலையை நீங்களே குறைச்சுச் சொல்லாதீங்க."

இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிக் காத்த நல்ல பெயர் குறுக்கே வந்து நின்றது. அக்கா மேற்கொண்டு வாதாடவில்லை. சுவரில் எக்ஸ்ரே பார்க்கும் வெளிச்சப் பெட்டி ஒன்று இருந்தது. அதைப் போட்டு, வாத்தியாரின் தாளை மாட்டினாள். அதன்மேல் ஒன்று, இன்னொன்று, நான்காவதாக ஒன்று. கல்லீரல்கள் குழம்பிக் கறுத்தன. நடுவில் அந்தக் குழாய் மட்டும் மேலும் மேலும் தெளிவாக நின்றது.

"பையில இன்னும் நானூறு இருக்கு. வைக்கட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்று தலைவர் கையைக் காட்டினார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார். பெரிய டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். சின்ன டாக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள்மேல் குற்றம் சொல்ல ஆதாரமில்லை என்று மாலையே எழுதினார்கள். அதே தாளில், படம் வரைபவர் இனி அரங்குக்குள் வரத் தேவையில்லை என்றும் எழுதினார்கள்.

நடையில் பெஞ்சில் வாத்தியாரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தேதான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கிறாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்தாள். திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அக்கா பைகளைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அவள் அடிக்கவில்லை.

"அன்னிக்கு அவரை உள்ள பார்த்தவங்க நீங்க. அந்தப் படத்தை ஒரு தடவை காட்டறீங்களா?"

அக்கா தாளை எடுத்து நீட்டினாள். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, குழாயின்மேல் மெதுவாக விரலை வைத்தாள்.

"இது அவரோடது இல்லைன்னு சொல்லிட்டீங்க. மத்ததாவது அவரோடதா?"

பொய் சொல்ல அக்காவுக்கு வாய் வரைக்கும் வந்தது. கல்லீரல் என்று சொல்லியிருக்கலாம். அந்த விளிம்பைப் பார்த்துத்தான் போட்டோமா என்பது அவளுக்கே இப்போது தெரியவில்லை.

"மூலையில நேரம் எழுதியிருக்கேன்ல" என்றாள். "அது மட்டும் அவரோடது."

அந்தப் பெண் மூலையைப் பார்த்தாள். பத்து நாற்பது.

"அப்போ நான் கீழ கடையில அவருக்கு மாத்துச் சட்டை வாங்கிட்டிருந்தேன்" என்றாள்.