பதினோராம் இலக்க அங்கத்தவர்

நான் இரத்தினபுரிக்குப் போனது பொய் சொல்வதற்காக. அதை மறைப்பானேன். மாகாணப் பூட்டுத் தொழிலாளர் சங்கத்தில் சேர விண்ணப்பம் போட்டிருந்தேன். சனிக்கிழமை பத்து மணிக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. என்ன கேட்பார்கள், எதற்கு எந்தப் பொய் பொருந்தும் என்று கேகாலையில் பஸ் ஏறுவதற்கு முன்பே யோசித்து வைத்திருந்தேன்.

கேகாலை பஸ் நிலையத்துக்குப் பின்னால், பழக்கடைகளைத் தாண்டினால் ஒரு பெட்டிக்கடை. 'சுரேன் லொக் ஹவுஸ்' என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருக்கும். சுரேன் என்றால் என் வீட்டுக்காரர் சுரேந்திரன். போன வருசம் தை மாதம் போய்ச் சேர்ந்தார். இப்போது அந்தக் கடையில் இருப்பது சாவி வெட்டும் மெசினும் நானும்தான். இரண்டில் எது கூடச் சத்தம் போடும் என்று பழக்கடைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

சாவி வெட்ட யாரும் கார்டு கேட்பதில்லை. பூட்டிய கதவைத் திறக்கப் போவதென்றால் சங்கத்துக் கார்டு வேண்டும். கார்டு இல்லாதவர் பையில் வளைந்த கம்பிகளைப் பொலிஸ் கண்டால் அவர் தொழில் தெரிந்த பாஸ் இல்லை, கள்ளன். கித்துல்கல ஹோட்டல்காரர்கள் இரண்டு தடவை போனில் கோல் எடுத்தார்கள். "நோனாகிட்ட கார்டு இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்றதும் வைத்துவிட்டார்கள். கார்டு கிடைக்காவிட்டால் எனக்குப் பிடித்த வேலையை, எனக்கு நன்றாக வரும் ஒரே வேலையை, இனிச் செய்ய முடியாது.

கார்டுக்கு நிபந்தனை இரண்டு. பழைய அங்கத்தவர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து வருசமாவது சொந்தக் கையால் பூட்டுத் திறந்திருக்க வேண்டும். கையெழுத்துக்கு மாவனெல்லை புவாட் நானா இருந்தார், எனக்கு அண்ணன் முறை. அவரும் பூட்டுக்கடைக்காரர், என் வீட்டுக்காரருக்குப் போட்டிக்காரர், அதைவிடப் பெரிய கூட்டாளி. அனுபவம் எனக்கு ஐந்து இல்லை, எட்டு வருசம் இருந்தது. அதை வெளியில் சொல்லத்தான் முடியாது.

ஏன் என்று சொல்கிறேன்.

நான் புலத்கொஹுபிட்டியவுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். ஒருநாள் பால் நிறுக்கும் ஸ்டோரின் சாவியைக் கிளாக்கர் தொலைத்துவிட்டார். பால் உறைவதற்குள் கதவைத் திறக்க வேண்டும் என்று கேகாலையிலிருந்து ஓர் இளம் பாஸைக் கூட்டி வந்தார்கள். வாளிகளோடு வரிசையில் நின்ற எங்களுக்கு வேடிக்கை. அந்த ஆள் பூட்டைப் பார்க்கவே இல்லை. கம்பியை உள்ளே விட்டுவிட்டு எங்கள் வரிசையைப் பார்த்தபடியே திறந்தார், சிரிக்கவும் சிரித்தார். யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று அன்றைக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெரிய வழக்கே நடந்தது. என்னைப் பார்த்துத்தான். ஆறு மாதத்தில் பெண் கேட்டு வந்து வழக்கை முடித்து வைத்தார்.

அந்தக் கைக்குப் பேர் இருந்தது. 'சுரேன் பாஸ் தொட்டா திறக்கும்' என்று இரண்டு மாவட்டத்திலும் சொல்வார்கள். சங்கம் தொடங்கியபோதே சேர்ந்தவர், பதினோராம் இலக்க அங்கத்தவர். பிறகு சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தது. முதலில் கால் மரத்தது, அப்புறம் விரல். சுடு தேத்தண்ணீர்க் கோப்பையைச் சூடு தெரியாமல் பிடித்துக்கொண்டு இருப்பார். நான் பிடுங்கி வைப்பேன்.

கித்துல்கலவில்தான் அது வெளியே வந்தது. படகு விட வந்த வெள்ளைக்காரர்கள் அறைச் சாவியை ஆற்றில் விட்டுவிட்டார்கள். கடவுச்சீட்டு எல்லாம் அறைக்குள். விமான நிலையத்துக்குப் போகும் வேன் வெளியே நிற்கிறது. இவர் நாற்பது நிமிசம் முயற்சி செய்தார். பூட்டுக்குள் இருக்கும் குட்டி ஊசிகள் மேலே ஏறியதா இல்லையா என்பது விரலுக்குத்தான் தெரிய வேண்டும். அவர் விரலுக்குத் தெரியவில்லை. நெற்றி வியர்வை சட்டையில் சொட்டியது. நான் பக்கத்தில் குந்தி, கம்பியை அவர் கையிலிருந்து வாங்கினேன். அவர் எழுந்து எனக்கு முன்னால் மறைத்து நின்று, மேனேஜரிடம் சிங்களத்தில் பகிடி விட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

பால் வெட்டுகிறவளுக்கு ஒரு கை உண்டு. பட்டையைச் சீவ வேண்டும், உள்ளே மரத்தைத் தொடக்கூடாது. இடையில் இருப்பது நகக்கண் அளவு. தொட்டால் மரத்துக்குக் காயம், நமக்குக் கங்காணியிடம் ஏச்சு. இருபது வருசம் கத்தி முனையால் அந்த அளவைத் தடவிப் பழகிய கைக்குப் பூட்டின் ஊசி பெரிய காரியமாகத் தெரியவில்லை. பூட்டு 'டிக்' என்றது. நான் நகர்ந்துகொண்டேன். அவர் திரும்பி, கைப்பிடியைத் தன் கையால் திருப்பிக் கதவைத் திறந்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

திரும்பி வரும்போது புலத்கொஹுபிட்டிய வரைக்கும் மனுசன் விரல்களைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அங்கே பஸ் நின்றதும், "டீ குடிப்போமா?" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. நான் திறப்பேன், கைப்பிடியை அவர் திருப்புவார். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, "தொழில் ரகசியம் மாத்தயா" என்பார். நான் பை தூக்கி வந்த மனைவி.

அந்த எட்டு வருசம்தான் என் வாழ்க்கையின் நல்ல காலம் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? தோட்டத்தில் இருந்தவரை மலையும் மரமும் லயமும்தான் கண்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் தொழிலுக்குப் போக, நான் பக்கத்துத் தோட்டத்தில் கைக்காசுக்குப் பால் வெட்டினேன். விரல் மரத்த பிறகுதான் ஊர் ஊராகச் சேர்ந்து போனோம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எப்போதும் எனக்கு. வேலை முடிந்து வரும்போது, "இன்னைக்கி அந்த பூட்டு என்னை என்னா பாடு படுத்திருச்சு பாத்தியா?" என்பார். "ஆமா, பாவம், ரொம்ப கஷ்டப்பட்டீங்க" என்பேன். இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் முன்சீட்டு ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம் என்றிருக்கிறது.

அவருடைய சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கையைப் பற்றித்தான் பேசினார்கள். புவாட் நானா வாசலில் நின்று அழுதார். "இந்த கை மாதிரி இனி ஒரு கை வராது" என்றார். நான் உண்மையைச் சொன்னால் அந்தப் பேர் என்ன ஆகும்? கடைசி எட்டு வருசம் ஊரை ஏமாற்றியவர் என்பார்கள். செத்த மனுசன் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறார். பூட்டைத் திறந்து காட்டினால் கையைப் பார்த்தாவது கார்டு தருவார்கள் என்று நம்பினேன்.

இரத்தினபுரி பஸ்ஸில் புவாட் நானா பக்கத்தில் இருந்தார்.

"பயமா ஈக்கா தங்கச்சி?"

"மடியில கனம் இருந்தாத்தானே நானா வழியில பயம்" என்றேன். கனம் இல்லாமலா? முழுப் பூசணிக்காயை மடியில் கட்டிக்கொண்டு போனேன்.

சங்கத்தின் அலுவலகம் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி. புவாட் நானாவை வராந்தாவில் இருக்கச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தலைவர் எம்பிலிப்பிட்டிய ஆள், தலை நரைத்தவர். பக்கத்தில் செயலாளர், கண்ணாடி போட்ட ஒரு நோனா. பேச்செல்லாம் சிங்களம். முதலில் மேசையில் ஒரு பூட்டை வைத்து, "திறந்து காட்டுங்க" என்றார்கள். இரண்டு நிமிசம் ஆகவில்லை. தலைவர் பூட்டைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தக் கை எத்தனை வருசத்துக் கை?"

"நான் பை தூக்கிட்டுப் போனவ மாத்தயா. அவர் செய்றத பாத்துப் பாத்து வந்தது."

"நீங்களா தனியா ஒரு கதவும் திறக்கலையா?"

"இல்லங்க. எல்லாம் அவர்தான்."

சொல்லும்போது நாக்கு கசந்தது. பொய் சொல்கிறவளுக்கு அதில் ஏதாவது லாபம் இருக்க வேண்டும். என் பொய்யில் எனக்கு இருந்தது நட்டம் மட்டுமே.

தலைவர் பெருமூச்சு விட்டார். நல்ல மனுசன். "அப்படின்னா ஐந்து வருச விதி இடிக்குதே" என்றார். பிறகு, உதவிக்குப் போனவர் பேர் அங்கத்தவரின் வருடப் படிவத்தில் இருந்தால் அதையும் அனுபவமாக எடுக்கலாம் என்று செயலாளரிடம் சொன்னார். ஒவ்வொரு அங்கத்தவரும் வருசா வருசம் கார்டைப் புதுப்பிக்கும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். எங்கே, எந்தப் பூட்டு, யார் திறந்தது என்று. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தை மாதம் இவர் தனியாக இரத்தினபுரிக்குப் போய் வருவார், கார்டோடு திரும்புவார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

செயலாளர் அலுமாரியிலிருந்து பதினோராம் இலக்கக் கோப்பை எடுத்து வந்தார். திறந்து பார்த்துவிட்டுத் தலைவரிடம் நீட்டினார்.

"இது தமிழில இருக்கு."

இருவரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இவர் சிங்களம் தண்ணீர் மாதிரி பேசுவார். எழுத வாசிக்கத் தெரிந்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துத் தமிழ் மட்டும். படிவத்தை வாங்கியவர்கள் சந்தா கட்டியதா, கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். நான் கையை நீட்டினேன். தலைவர் தாளைக் கொடுக்கவில்லை.

"உங்க விசயத்த நீங்களே வாசிக்கக் கூடாது நோனா. வேற ஆள் வேணும்."

புவாட் நானாவைக் கூப்பிட்டார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தாளைப் பார்த்தார். மேலே இருந்த பேரை மறுபடி பார்த்தார்.

"வாசிங்க" என்றார் தலைவர்.

"கித்துல்கல. ஹோட்டல் அறைக் கதவு. திறந்தவர், என் மனைவி ஜீவராணி." புவாட் நானா தமிழில் வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். "மாவனெல்லை. கார்க் கதவு. திறந்தவர், என் மனைவி ஜீவராணி. கேகாலை. டாக்டர் வீட்டு இரும்பு அலுமாரி. திறந்தவர், ஜீவராணி."

புவாட் நானா என்னைப் பார்க்காமல் தாளின் அடியில் குறிப்பு என்ற இடத்துக்குப் போனார்.

"ஐயா, என் விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. இந்த வருடம் செய்த வேலை எல்லாம் என் மனைவி செய்தது. சங்கத்துக்குப் பொய் எழுத எனக்கு விருப்பம் இல்லை. அவரையும் அங்கத்தவராகச் சேர்க்க முடியுமா? பதில் தரவும்."

இரண்டாம் தாளிலும் அதே கேள்வி, பதில் தரவும். மூன்றிலும் அதே. மொத்தம் ஏழு தாள்; எட்டாவது கொடுக்க வேண்டிய தையில்தான் அவர் போய்விட்டார். கடைசித் தாளில் எழுத்து கோணிக் கோணி ஓடியிருந்தது. பேனாவையும் அந்த விரல்கள் உணர்ந்திருக்காது. புவாட் நானா அதை மெதுவாக வாசித்தார்.

"ஐயா, ஆறு முறை கேட்டுவிட்டேன். பதில் இல்லை. பெண் என்பதால் உங்களுக்கு விருப்பம் இல்லை என்று விளங்குகிறது. அதை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால் நான் கேட்டதையே சொல்லவில்லை. என் காலத்துக்குப் பிறகாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் கை என் கையைவிட நல்ல கை. பதில் தரவும்."

சிங்களத்தில் சொல்லும்போது பாதியில் புவாட் நானா நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பஸ் நிலையத்தில் மனு எழுதுகிறவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்திருந்தால் சிங்களத்தில் எழுதித் தந்திருப்பார்கள், முதல் வருசமே பதில் வந்திருக்கும். ஆனால் எழுதுகிறவனுக்கு விசயம் தெரிந்துவிடுமே. அந்த வெட்கத்தில் தானே எழுதி, யாரும் வாசிக்காத இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். ஏழு வருசம் பதிலை எதிர்பார்த்துக்கொண்டு, என் பக்கத்திலேயே இருந்து, டீ குடித்து, சிரித்து, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். அவர் மானத்தை நான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் மனசைக் காப்பாற்றியிருக்கிறார். பாவி மனுசன்.

நான் அழுதேன். யார் பார்த்தால் என்ன என்று சத்தமாகவே அழுதேன். செயலாளர் நோனா தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

"நோனா, முதல்ல எங்ககிட்டச் சொன்னது பொய்தானே?" என்று தலைவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"பொய்தாங்க மாத்தயா. எட்டு வருசமா திறந்தது நான்தான்."

அவர் தலையாட்டினார். ஏழு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "எங்க பிழை. ஒருத்தருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாசிப்பிக்கணும்னும் தோணலை" என்றார். பிறகு செயலாளரிடம் கார்டு போடும் புத்தகத்தை எடுக்கச் சொன்னார்.

"கார்டு அப்புறமா போடலாங்க" என்றேன். "ஏழு தடவ பதில் தரவும்னு கேட்டிருக்காரு. மொதல்ல அவருக்கு பதில் போடுங்க."

தலைவர் கார்டுப் புத்தகத்தை ஓரமாக வைத்தார். சங்கத்தின் பேர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து, செயலாளர் பக்கம் தள்ளினார். அந்த நோனா பேனாவைத் திறந்து தேதியைப் போட்டுவிட்டு, எழுதத் தொடங்கினார்.

"சிங்களத்தில வேணாம் நோனா" என்றேன். "பேனாவ புவாட் நானாகிட்ட குடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு சிங்களம் வாசிக்கத் தெரியாது."