மூக்கு வரை வந்த புஷ்பமலர்

1999 நவம்பரில் திருகோணமலைக்காரியான புஷ்பமலர் கொழும்பிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக ஒஸ்லோவின் ரொம்மன் பகுதிக்கு வந்தபோது, மூக்கு நுனி வரைதான் வந்து சேர்ந்தாள். அன்றைய இணையத்தில் எதுவும் மேலிருந்து கீழாக, வரி வரியாகத்தான் இறங்கும். முதலில் தலைமயிர், பிறகு நெற்றி, பொட்டு, கண்கள். அரட்டை அறையில் எட்டு மாதம் எழுதிப் பழகிய யோகநாதன், "என்னைக் கலியாணம் கட்டுவீரோ?" என்று கேட்டிருந்தான். நேரில் வந்து சொல்வதாக அவள் பதில் எழுதியிருந்தாள். அவன் மூச்சைப் பிடித்தபடி பார்த்திருக்க, அதே வீட்டில் குடியிருந்த மகேசன் குசினியில் தொலைபேசி அட்டையைச் சுரண்டி, யாழ்ப்பாணத்தில் இருந்த தாயுடன் கதைக்க ரிசீவரைத் தூக்கினான். தொலைபேசிக்கும் இணையத்துக்கும் ஒரே கம்பி; இணைப்பு அறுந்தது. மிச்சப் புஷ்பமலர் கம்பிக்குள்ளேயே நின்றுவிட்டாள். மறுபடி எத்தனை தரம் முயன்றும் மோடம் பிடிக்கவில்லை; கடைசியில் அது நிலவறைக்குப் போனது.

கண்ணைச் சிமிட்டிப் பதில் சொல்லலாமே என்று அயலவர்கள் யோசனை சொன்னார்கள். "கண்ணை வைச்சுச் சம்மதம் வாங்கினவன் எண்டு சனம் கதைக்கும். அவ தன்ரை வாயாலை சொல்லோணும்," என்றான் யோகநாதன். அவள் சோபாவுக்கு மேலே மிதந்தபடி தொலைக்காட்சி பார்த்தாள். அகலக்கற்றை இணையம் வந்தது, கனடாவிலிருந்து ஒரு கலியாண வீடே நொடியில் முழுதாக வந்து படிக்கட்டில் நின்றது. பிறகு 'லைக்' போடும் பெருவிரல்களின் காலம். விரல் மட்டும் வந்து உயர்ந்துவிட்டு விழும்; சனிக்கிழமைகளில் கூட்டி அள்ளுவார்கள். பிறகு வருகிறவர்கள் எல்லோரும் கைபேசி வழியாகச் சட்டைப்பைக்குள்ளேயே வந்து போனார்கள். ஆனால் செப்புக் கம்பிக்குள் நின்றவளுக்குப் புதிய பாதைகளில் ஏறத் தெரியவில்லை. யோகநாதன் வேறு பெண் பார்க்கவுமில்லை.

இந்த வருடம், வெள்ளிக்கிழமையோடு செப்புக் கம்பிகள் தோண்டி எடுக்கப்படும் என்று கடிதம் வந்தது. கணினிப் பொறியியலாளரான மகேசனின் மகள் துஷ்யா, செயற்கை அறிவிடம் சொல்லி மூன்று நொடியில் ஒரு வாய் செய்வித்தாள். கேள்வி கேட்குமுன்பே அது சிரித்து, "ஆமாங்க, எனக்குச் சம்மதம்," என்றது. புஷ்பமலரின் கண்கள் எரித்தன. "திருகோணமலைப் பெட்டை 'ஆமாங்க' எண்டு சொல்லுவாளே?" என்றான் மகேசன். யோகநாதன் அந்த வாயைக் கழற்றி மேசையில் வைத்தான். அது வருகிற போகிற எல்லோருக்கும் சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பழைய மோடம் நிலவறையிலிருந்து மேலே வந்து, கீச்சிட்டு, உறுமி, இந்த முறை பிடித்துக்கொண்டது. மாடிப்படி முழுக்கச் சனம். மேல்வீட்டு எம்மா வாஃபிள் சுட்டு வந்தாள். மகேசன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தான். வெளியே தோண்டும் இயந்திரம் நெருங்கியது. மூக்குத் துவாரம் வந்தது, மேலுதடு வந்தது. கீழுதடு வந்ததுதான் தாமதம், "மகேசன் அண்ணை, போனை வையுங்கோ!" என்று இருபத்தாறு வருடத்துக் கத்தலாகக் கத்தினாள் புஷ்பமலர். வீடே அதிர்ந்து சிரித்தது. பிறகு அவள் யோகநாதனைப் பார்த்து, "ஓம்," என்றாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவுமில்லை.

அவள் பாதம் இறங்கும்வரை வேலையாட்கள் காப்பி குடித்தபடி பொறுத்தார்கள். மூக்குக்கு மேலே ஐம்பத்திரண்டு வயது, கீழே இருபத்தாறு. திங்கட்கிழமை இருவரும் சுரங்க ரயில் பிடித்துப் பதிவு அலுவலகம் போனார்கள். அங்கிருந்த பெண் வயதுக் கட்டத்தில் இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு, வரிசையில் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள்.