ஆறு பேருக்கான மெஷின்

பழைய டிஷ்வாஷர் எந்த நாளில் செத்தது என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. தண்ணீரைச் சூடாக்குவதை அது முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கிறது என்று அம்மா சோப்பைத் திட்டினாள். அப்பா குழாய்த் தண்ணீரைத் திட்டினார். நான் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தேன். அண்ணிதான் மெஷின் ஒரு முறை ஓடி முடிந்ததும் கதவைத் திறந்து ஒரு தட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்பு சில்லுன்னு இருக்கு. இனிமே டாக்டர் வேண்டாம், தூக்கறதுக்கு நாலு பேரைக் கூப்பிடுங்க."

பழுது பார்க்க வந்தவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். சூடாக்கும் பாகம் போய்விட்டது, அடியெல்லாம் துரு, இந்த மாடலுக்கு உதிரிப் பாகம் இப்போது வருவதில்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீதான் கரண்டைப் பத்திப் படிக்கறியே. கம்மியா கரண்டு இழுக்கறதா ஒண்ணு பாத்துச் சொல்லு."

பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மாலையில் கட்டடங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது பற்றிய வகுப்புக்குப் போகிறேன். அங்கே கடைசியாகக் கையைத் தூக்குகிறவள் நான்தான். விடை தெரிந்திருந்தாலும், சரிதானா என்று இன்னொரு முறை யோசிப்பதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். என் பேச்சை நம்பி வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கப் போகிறார்கள் என்றதும் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"பெருசாவே பாரு" என்றார் அப்பா. "ஆறு பேர் இருக்கற வீடு."

அதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அண்ணியைப் பார்த்துச் சொன்னார். அண்ணி அந்தத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு பேர் என்பது அப்பா, அம்மா, நான், அண்ணி, அவளுடைய இரண்டு பிள்ளைகள். அண்ணன் கணக்கில் இல்லை. போன வருடம் வேலை என்று வேறு ஊருக்குப் போனவன், அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்பது எங்களுக்கு மெதுவாகத்தான் தெரிய வந்தது. தெரிந்த அன்று அப்பா அண்ணியிடம், "அவன் போனா போறான். இது உன் வீடு. நீ எங்கயும் போக வேண்டாம்மா" என்றார். அண்ணி தலையாட்டினாள். அது சம்மதமா, அல்லது காதில் விழுந்தது என்பதற்கான அடையாளம் மட்டும்தானா என்று எனக்குப் புரியவில்லை. அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அண்ணி வேலையிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் அம்மா அடுப்புக்கும் வாசலுக்குமாக நடப்பாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் போய்விடுவாளோ என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அப்பா பெரிய மெஷின்தான் வேண்டும் என்று நின்றதும் அதனால்தான். ஆறு பேருக்கென்று ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டால் ஆறு பேரும் இருந்துதானே ஆக வேண்டும்.

மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பில் முதல் பாடம். அதன்படியே ஆரம்பித்தேன். அப்பாவுக்குப் பேருந்துப் பணிமனையில் காலை ஷிஃப்ட். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மதிய ஷிஃப்ட். அண்ணி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து பசியோடு வருவாள், சின்னவன் எப்போதும் பசியோடு இருப்பான். ஒருவர் சாப்பிட்டு எழுந்தால் இன்னொருவர் உட்காருகிற வீடு. இதற்கு நடுவில் அம்மா ஒவ்வொரு தட்டையும் சுடுதண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டுத்தான் மெஷினுக்குள் வைப்பாள்.

"அப்புறம் மெஷின் எதுக்கும்மா?"

"அழுக்கோட வச்சா நம்மளப் பத்தி அது என்ன நெனைக்கும்?"

"அது ஒண்ணும் நெனைக்காது. மெஷின் இழுக்கறதைவிட நீ இங்க ஊத்தற சுடுதண்ணிக்குத்தான் அதிகம் கரண்டு ஆகுது."

"ஆமாடி, நீ படிக்கப் போனாலும் போன, என் கைத் தண்ணிக்குக்கூடக் கணக்கு வந்துடுச்சு."

விசாரித்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. அதனால் சிக்கனமான ஓட்டம் என்பது குறைந்த சூட்டில் மெதுவாக, நிறைய நேரம் ஓடுவது. பெரிய மெஷின் நிறைந்து ஓடினால் ஒரு தட்டுக்கு ஆகும் செலவு சின்ன மெஷினைவிடக் குறைவு. பாதி காலியாக ஓடினால் அத்தனையும் வீண். ஆக, எந்த மெஷின் என்பதைவிட, இந்த வீட்டில் இனிமேல் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. அப்பா சொன்ன ஆறையே வைத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது அப்பா என்னைக் கிண்டல் செய்தார். "மாப்பிள்ளை பாக்கறதுக்குக்கூட யாரும் இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க."

"விசாரிச்சா மட்டும்?" என்றாள் அம்மா, அண்ணியைக் காட்டி. "இவளைப் பெத்தவங்க விசாரிச்சுத்தானே நம்ம வீட்டுல குடுத்தாங்க. என்ன வாழ்ந்துச்சு?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதலில் சிரித்தது அண்ணிதான்.

"விடுங்க அத்தை. வாரண்டி முடிஞ்ச உடனே போயிட்டாரு, அவ்வளவுதான்."

அம்மாவும் நானும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சத்தம் வராத மெஷினாக இருக்க வேண்டும் என்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலே எழுதி வைத்திருந்தேன். காரணம், பிள்ளைகள் தூங்கும் அறை சமையலறைச் சுவரை ஒட்டியது. அந்த விஷயத்தில் அண்ணி புலி. அவர்கள் தூங்கும்போது யாராவது கரண்டியைக் கொஞ்சம் ஓங்கி வைத்தால் போதும், அறைக்குள்ளிருந்து ஒரு 'உஷ்' வரும், அப்பாவே நடுங்குவார். அதனால் அவளிடம்தான் கடைசியாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அவள் பிள்ளைகளின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க அண்ணி. இது சத்தமே வராது, ஆனா கொஞ்சம் கரண்டு கூட. இது நல்ல சிக்கனம், ஆனா உறுமும்."

"சிக்கனமானதையே எடு. சத்தத்தைப் பாக்காத."

"பசங்க ரூம் சுவரு..."

"பாக்காதன்னா பாக்காத, நாத்தனாரே."

குரலில் கோபம் இல்லை. மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். நான் அங்கிருந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இப்போது நன்றாகத் தூங்குகிறார்கள், அதனால் சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு எதிலும் சந்தேகம் வரும். இதுவும் அப்படி ஒன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அப்பா, அண்ணி, நான் மூன்று பேரும் கடைக்குக் கிளம்பினோம். எங்கள் பாத்திரங்களையும் எடுத்துப் போக வேண்டும் என்பது அண்ணியின் யோசனை.

"இத்தனை செட் போகும்னு அவங்க எழுதறதை நம்பாத. அவங்க வச்சுப் பாக்கறது பொம்மைத் தட்டு. நம்ம குக்கர் போகுதான்னு பாக்கணும்."

இரண்டு பைகளில் குக்கர், வாணலி, அகலத் தட்டுகள், டம்ளர்கள். பேருந்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் கடகடவென்று சத்தம். எதிர் இருக்கைப் பெரியவர் பையைப் பார்த்துவிட்டு, "என்ன, தனிக்குடித்தனமா?" என்றார்.

"அட, கடைக்குத்தாங்க" என்றார் அப்பா. "பாத்திரங்களுக்கு வீடு பாக்கறோம்."

பெரியவர் சிரித்தார். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் விற்பனையாளர் பையிலிருந்து குக்கர் வெளியே வருவதைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தாலும் தடுக்கவில்லை. அப்பா நேராக அகலமான மெஷினிடம் போய் அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணி தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து கீழ்த்தட்டை இழுத்து, எங்கள் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். அவள் அடுக்குவதைப் பார்ப்பதே ஒரு நிம்மதி. ஒன்று இன்னொன்றின் மேல் படாது, ஆனால் நடுவில் இடமும் வீணாகாது. எல்லாவற்றையும் வைத்த பிறகும் பாதி காலியாக இருந்தது.

அப்பா பைகளைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"பசங்க தட்டு எங்கம்மா? அந்தக் கட்டம் போட்ட தட்டு ரெண்டும்?"

அண்ணியின் கை டம்ளர் மேலேயே நின்றது.

"அதைக் கொண்டு வரல மாமா."

"மறந்துட்டியா?"

"மறக்கல. தனியா எடுத்து வச்சிருக்கேன்."

விற்பனையாளர் பக்கத்திலிருந்த குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து மூடினார், பிறகு அங்கிருந்து நகர்ந்து போய்விட்டார். அப்பா பைகளைக் கீழே வைத்தார்.

"எப்போ?"

"மாசக் கடைசியில. கிளினிக் பக்கத்துல ரெண்டு ரூம் கிடைச்சிருக்கு. பெரியவ ஸ்கூலுக்கு நடந்தே போயிடுவா. இன்னிக்கு ராத்திரி உங்க எல்லார்கிட்டயும் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நாங்க என்னம்மா குறை வச்சோம்?"

"குறை வச்சிருந்தா சுலபமாப் போயிருப்பேன் மாமா." அண்ணி எழுந்திருக்கவில்லை. கீழே உட்கார்ந்தபடியே பேசினாள். "அந்த வீட்டுல எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருதான் இருக்காரு. அத்தை என்னைக் கூப்பிட்டா அவரு கூப்பிடற மாதிரியே இருக்கு. நீங்க கதவைத் திறந்து உள்ள வர்றப்போ... உங்க முகமே அவரு முகம்தானே மாமா. தினமும் ஒரு நிமிஷம் நெஞ்சு நின்னு போகுது. அப்புறம் நீங்கன்னு தெரியும்."

மீசையைத் தடவப் போன அப்பாவின் கை பாதியில் நின்றது. நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். நெற்றி, மூக்கு, சிரிக்காதபோது ஒரு பக்கம் சரிகிற உதடு, எல்லாம் அண்ணன். பெற்ற பிள்ளையோடு பேசாமல் இருக்க முடிந்த அப்பாவுக்கு இதற்கு என்ன செய்ய முடியும்?

"அங்க பாத்திரம் கழுவ?" என்று கடைசியில் கேட்டார்.

"கைதான்."

"ரெண்டு பசங்களையும் வச்சுகிட்டு, வேலைக்கும் போய்கிட்டு... இதை அங்க அனுப்பச் சொல்லட்டுமா?"

"இதை உள்ள வச்சா நான் சமையலறைக்கு வெளியதான் நிக்கணும் மாமா." அண்ணி சிரிக்கப் பார்த்தாள். "வேண்டாம். அந்த வீட்டுக்கு நானே ஒண்ணொண்ணா சேர்த்துக்கறேன்."

விற்பனையாளர் திரும்பி வந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். "முடிவு பண்ணிட்டீங்களா சார்? வீட்டுல மொத்தம் எத்தனை பேர்னு சொன்னா நானே சொல்லிடுவேன்."

அப்பா அகலமான மெஷின் மேலிருந்து கையை எடுத்தார்.

"மூணு பேர்" என்றார்.

ஒடுங்கலான மெஷினில் எது நல்லது என்பதை நான் விசாரித்திருக்கவே இல்லை. விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த மின்சார அட்டைகளை அங்கேயே நின்று படித்து, ஒன்றைக் காட்டினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. விற்பனையாளர் இரண்டு முறை கேட்டார். அண்ணி அகலமானதிலிருந்து எங்கள் பாத்திரங்களை எடுத்து ஒடுங்கலானதில் வைத்துக் காட்டினாள்.

"குக்கரை இப்படிச் சாய்ச்சு வை. மேல சுத்தித் தண்ணி அடிக்கற கை இடிக்காமப் பாத்துக்க. டம்ளரெல்லாம் ஓரமா. அத்தை கழுவிட்டு வச்சா இப்போதைக்குத் தடுக்காத. கொஞ்ச நாள் விட்டுடு."

நான் தலையாட்டினேன். சரி என்றுதான் தலையாட்டினேன்.

மெஷின் வந்தது. மாசக் கடைசியில் அவர்கள் போனார்கள். அப்பா இப்போதெல்லாம் வேலையிலிருந்து வரும்போது கதவைத் திறப்பதற்கு முன் வெளியிலிருந்தே, "நான்தான்" என்று குரல் கொடுக்கிறார். இனி யாருக்காக என்று அம்மா கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி பிள்ளைகளோடு சாப்பிட வந்தாள். சின்னவன் வந்ததும் வராததுமாக மெஷினைத் திறந்து, "அத்தை, இது என்ன இவ்வளவு குட்டியா இருக்கு?" என்று என்னைக் கேட்டான். அம்மா காலையிலிருந்து சமைத்திருந்தாள். மூன்று பேர் சாப்பிட்டால் என்ன மிஞ்சும் என்ற கவலையே இல்லாமல் சமைத்து நாளாகிவிட்டது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரியவள் தன் புது அறையைப் பற்றிப் பேசினாள். அப்பா அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேட்டார்.

சாப்பிட்ட பிறகு நான் பாத்திரங்களை அடுக்கினேன். அண்ணி சொல்லிக்கொடுத்தபடியே சாய்த்து வைத்துப் பார்த்தேன், வரிசையை மாற்றிப் பார்த்தேன். ஆறு பேர் சாப்பிட்ட பாத்திரம் அதில் கொள்ளவில்லை. குக்கரும் வாணலியும் சில தட்டுகளும் வெளியே நின்றன.

"இப்படிக் குடு, நான் கழுவிடறேன்" என்று அண்ணி கையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயைத் திறந்தாள்.

அம்மா ஓடி வந்தாள். "விடும்மா, விடு. வந்த எடத்துல நீ எதுக்கு இதெல்லாம் செஞ்சுகிட்டு?"

எங்கள் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும் அம்மா சொல்கிற வார்த்தை அது. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. கையை வாயில் வைத்துக்கொண்டாள். கூடத்தில் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். தண்ணீர் மட்டும் குக்கருக்குள் விழுந்துகொண்டிருந்தது.

அண்ணி குழாயை மூடினாள்.

"சரி அத்தை" என்றாள். ஈரக்கையைத் தூக்கிப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள். "துண்டு எங்க இருக்கு?"

அது எப்போதும் தொங்குகிற ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.