திருந்தின ஞானாபரணம்

அந்தச் சபையில் இரண்டு ஞானாபரணங்கள் இருந்தார்கள். ஒருவர் ஞாயிறு பள்ளி ஆசிரியர். மற்றவர் பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். குழப்பம் வராமலிருக்க இவரைத் ‘திருந்தின ஞானாபரணம்’ என்பார்கள். அவர் குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆயிற்று, அந்தப் பட்டம்தான் அவரை விடவில்லை. திருந்துகிற வரைக்கும்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தார், பாவம்.

வருஷந்தோறும் அறுப்பின் பண்டிகையன்று அவர் சபை முன்னால் நின்று, ஆண்டவர் தன்னைத் திருத்திய கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். முதல் வருஷம் நடுங்கிக்கொண்டே நாலு வார்த்தை சொன்னார், சபையே அழுதது. அடுத்த வருஷம் அதே நாலு வார்த்தைக்கு யாரும் அழவில்லை. ஆண்டவருடைய கிருபை சின்னதாகத் தெரிந்துவிடுமோ என்று பயந்து, தன் பாவத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டார். மனைவி மேல் தட்டை எறிந்தது குழம்புச் சட்டியை எறிந்ததாக மாறியது. ஐந்தாம் வருஷம் மகள் ஜெனிதாவின் நெற்றித் தழும்பும் அவர் கைவேலையாகிவிட்டது. உண்மையில் அவள் பள்ளிக்கூட ஊஞ்சலிலிருந்து விழுந்து வாங்கிய தழும்பு அது. சபை விம்மியது. பத்தாவது படித்துக்கொண்டிருந்த ஜெனிதா பாட்டுப் புத்தகத்தை விட்டுத் தலை நிமிரவே இல்லை.

இந்த வருஷம் அவளுக்கு ஈரோட்டில் ஒரு வரன் கூடி வந்தது. பையன் ஜோஸ், அவளோடு வேலை பார்க்கிறவன். அவனைப் பெற்றவர்கள் பண்டிகை ஆராதனைக்கே வருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் முன்னால் ஜெனிதா அப்பாவிடம் வந்து நின்றாள்.

“இந்த வருசம் சாட்சி வேண்டாமுங்கப்பா. உங்க கதைன்னு சொல்றீங்க, அதுல அடி வாங்கறது நானும் அம்மாவுந்தானுங்க. எங்களக் கேட்டுட்டா சொல்றீங்க?”

அவருக்குச் சுருக்கென்றது. அந்த வாரம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. காயில் சுற்றும்போது எண்ணிக்கை தப்பியது, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினார். போதகரிடம் போய் இந்த ஒரு வருஷம் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது, உங்கள் சாட்சிக்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று போதகர் தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

பண்டிகையன்று பீடத்தைச் சுற்றிக் கரும்பும் பூசணியும் வாழைத்தாரும் குவிந்திருந்தன. ஜோஸின் அப்பா அம்மா மூன்றாவது வரிசை. முன்வரிசைப் பெண்கள் இப்போதே கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஞானாபரணம் மைக்கைப் பிடித்தார்.

“நான் குடிச்சுட்டிருந்தனுங்க. இப்பக் குடிக்கறதில்லீங்க. எம் புள்ள நெத்தித் தழும்பு ஊஞ்சல்ல உழுந்ததுங்க. நான் பொய் சொல்லிப்போட்டனுங்க.”

அவ்வளவுதான், இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஏதாவது வரும் என்று சற்று நேரம் காத்திருந்த போதகர் பாட்டுக்கு எண் சொன்னார். ஜெனிதா அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. ஈரோட்டுக்காரர்களும் விருந்து சாப்பிட்டுவிட்டு நல்லபடியாகவே கிளம்பினார்கள். அவருக்கு நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

அந்த நிம்மதி புதன்கிழமை வரைக்கும்தான். சாட்சியை ஏன் பாதியில் நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்துவிட்டாரோ என்று சபையில் ஒருவர் கேட்க, பொய் சொன்னதாக அவரே ஒத்துக்கொண்டாரே, குடிக்கவில்லை என்பது மட்டும் மெய்யா என்று இன்னொருவர் கேட்டார். பேச்சு ஈரோடு வரைக்கும் போய்விட்டது. ஞானாபரணத்துக்கு ஆத்திரம் பொங்கியது, ஆனால் யாரைத் திட்டுவது? பத்து வருஷமாக அவர்களைக் கதை கேட்கப் பழக்கிவிட்டவரே அவர்தானே.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவருக்கு ஜெனிதா தண்ணீர் கொண்டு வந்தாள். அப்பா மறுபடி குடிக்கிறாரா என்று ஜோஸின் அம்மா தன்னிடம் போனில் விசாரித்ததைச் சொன்னாள். அதையெல்லாம் தான் நம்பவே இல்லை என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஓரடி கிட்டத்தில் வந்து நின்று, மெல்ல மூச்சை இழுத்தாள்.

அவருக்குப் புரிந்தது. டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மகள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதிக் காட்டினார்.