ரைட், ஹோல்டான்

அது கார்த்திகை தீபத்துக்கு முந்தின மாதமா, அதற்கும் முன்பா என்று சகாதேவனுக்கு இப்போது உறுதியாகச் சொல்ல வராது. இரண்டாயிரத்து மூன்று என்பான். அவன் மச்சான் இளவரசன் நான்கு என்பான். கால் வைத்தியத்துக்குப் போன அறையில் பேசியது அப்படியே நினைவிருக்கிறதா, திரும்பத் திரும்ப நினைத்ததில் வார்த்தைகள் தேய்ந்து வேறாகிவிட்டனவா என்பதும் தெரியாது. ஒரு வார்த்தை மட்டும் தேயவில்லை.

சகாதேவன் தனியார் பஸ் டிரைவர். கீழ்பென்னாத்தூர் நிறுத்தத்தில் கண்டக்டர் மொய்னுதீன் "ரைட்" என்று குரல் கொடுத்தான். இவன் வண்டியை எடுத்தான். படியில் பாஞ்சாலை என்ற பெண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தாள். பின்சக்கரம் அவள் காலில் ஏறியது. அன்றிலிருந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்க இவன் வலது கால் இறங்குவதில்லை. கட்டை மாதிரி விறைத்து நிற்கும். டாக்டர்கள் ஒன்றுமில்லை என்றார்கள். தீபக் கூட்டம் தொடங்குவதற்குள் வண்டி எடுக்காவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

ரமணாசிரமத்துப் பக்கம் ஆட்டோ ஓட்டும் இளவரசன்தான் அவனைச் சக்கரவர்த்தியிடம் கூட்டிப்போனான். சக்கரவர்த்தி அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் களைத்துப்போனவன். களைப்பைத் தீர்க்கப் போன இடத்திலேயே அடுத்தவர் களைப்பைத் தீர்க்கவும் கற்றுக்கொண்டு, செங்கம் ரோட்டில் மாடி அறை பிடித்து, அதிர்ச்சி மனதில் அல்ல, உடம்பில்தான் தங்குகிறது என்று வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். மென்மையாகப் பேசுவான். அவ்வளவு மென்மையாகப் பேசுகிறவனுக்கு எதிராளி பேசுவது காதில் விழாது என்பது சகாதேவனுக்குப் பிறகுதான் புரிந்தது.

பாயில் படுக்கவைத்துப் பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டான்.

"கால் என்ன சொல்லுது?"

"கால் எங்கங்க சார் பேசும்?"

"அவசரப்படாதீங்க. மூச்சை மட்டும் கவனிங்க."

நெடுநேரம் இருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் உண்மையாகவே ஏதோ நடந்தது. முழங்காலில் சூடு பரவியது. ஆக்ஸிலேட்டரில் இறங்குவது போலவே பாதம் மெல்ல முன்னால் சாய்ந்தது. சகாதேவனுக்குக் கண்ணில் நீர் வந்தது.

சக்கரவர்த்திக்கும் மகிழ்ச்சி. "ரைட்," என்றான் அமெரிக்கப் பழக்கத்தில். "ரைட்... ரைட்..."

கால் சட்டென்று இழுத்துக்கொண்டது. உடம்பு முழுவதும் உதறியது.

"ஹோல்டான்," என்று கத்தினான் சகாதேவன். பஸ்ஸை நிறுத்தக் கண்டக்டர்கள் சொல்லும் சொல்.

பஸ்ஸில் ஏறிப் பல வருஷமான சக்கரவர்த்திக்கு அது வேறாக விளங்கியது. "ஆமாங்க, ஹோல்ட் பண்ணிட்டுத்தான் இருக்கீங்க. பிடிச்சு வெச்சிருக்கிறத விடுங்க. நல்லா உதறட்டும். ரைட்..."

"சார், அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க. கண்டக்டர் சொல்றது அது. அதக் கேட்டுத்தான் அந்தம்மா மேல ஏத்தினேன்."

சக்கரவர்த்தி கண்ணை மூடிப் புன்னகைத்தான். "வார்த்தையெல்லாம் மூளையோட வேலை. நாம உடம்போட இருப்போம். ரைட்?"

சகாதேவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

கீழே ஆட்டோவில் இளவரசன் கேட்டான். "இன்னா மாமா, கால் வந்துச்சா?"

"வந்துச்சு. அந்தாளு வாயத் தொறந்தான், போயிடுச்சு. வேணாம்னு சொன்னாலும் காதுல வாங்கல."

"அவருக்கு யாராச்சும் காது வைத்தியம் பாத்தா தேவல."

தீபத்துக்கு அந்த பஸ்ஸை வேறொருவன் ஓட்டினான். சகாதேவன் கீழ்பென்னாத்தூரில் டிராக்டர் ஓட்டுகிறான். பின்னாலிருந்து குரல் கொடுக்க ஆளில்லை, கால் ஒழுங்காக இறங்குகிறது. மொய்னுதீன் வேலையை விட்டுவிட்டு வேலூரில் அண்ணன் கடையில் நிற்கிறான். பாஞ்சாலை கோல் ஊன்றி நடக்கிறாள். சக்கரவர்த்தி அதே மாடியில், பிடித்து வைத்திருந்ததை விட மறுத்த ஒரு டிரைவரைப் பற்றி வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.