பெரியத்தா கொடுத்த சம்மதம்

அவளை வளர்த்தது அம்மாவின் தம்பி, மாமா. தையல் மெஷினை மிதித்தே படிக்க வைத்து, ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் வேலைக்குப் போகும்வரை தூக்கிவிட்டவர் அவர்தான். ஆனால் நிக்காஹில் அவளைக் கொடுக்கிற உரிமை மாமாவுக்கு இல்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார்.

"வலின்னா தகப்பன் வழியில, அத்தா வழியில வரணும். அத்தா இல்ல, அத்தாவோட அத்தாவும் இல்ல, கூடப்பிறந்த ஆம்பளையும் இல்ல. அப்போ அத்தாவோட அண்ணன், பெரியத்தாதான். அவர் வரணும், இல்லாட்டி உங்களை வக்கீலா நியமிச்சு, எனக்குப் பதிலா நீ கொடுன்னு சொல்லணும்."

மாமா தலையைச் சொறிந்துகொண்டார். பேரைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள், வலி என்று, எனக்கு இப்பவே வலிக்கிறது என்றார். ஹஜ்ரத்தே சிரித்துவிட்டார்.

மாமா வலி என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அத்தா இறந்தபோது, தம்பி மகள் தன் வீட்டில்தான் வளர வேண்டும் என்று பெரியத்தா கேட்டார். அக்காவையும் பிள்ளையையும் அனுப்ப மாட்டேன் என்று மாமா முரண்டு பிடித்தார். வார்த்தை தடித்தது. இனிமேல் அந்தப் பிள்ளை விஷயமாக என் வாசலில் யாரும் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போன பெரியத்தா, பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது மாப்பிள்ளை வீட்டார் தேதியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக், ஆஸ்பத்திரி லிஃப்டைச் சரிபார்க்க வந்த இடத்தில் அவளைப் பார்த்துப் பெண் கேட்டு வந்தவர். மாமா யார் யாரையோ பிடித்துப் பெரியத்தாவின் நம்பரை வாங்கினார். கூப்பிட்டுப் பார்த்தால் மணி அடிக்கும், யாரும் எடுப்பதில்லை. நிக்காஹ் நாள் காலையில், எல்லாரும் வந்து கூடத்தில் உட்கார்ந்த பிறகு, கடைசியாக ஒருமுறை போடுவோம் என்று போட்டார். உடனே எடுத்தார்கள்.

மாமா ஸலாம் சொல்லி, திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரோட்டுச் சத்தம், மூச்சுச் சத்தம், எதுவும் இல்லை. பிறகு நிதானமாக ஒரு குரல் வந்தது.

"பிள்ளைகிட்ட போனைக் கொடு."

உள்ளறையில் இருந்த அவளிடம் போனைக் கொண்டுபோய் ஸ்பீக்கரில் வைத்தார்கள். ஹஜ்ரத்தும் சாட்சிகளும் கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தார்கள். கையில் வாங்கியதும் போன் சில்லென்று இருந்ததை அவள் கவனித்தாள். ஏசி அறையில் நாளெல்லாம் கிடக்கும் எக்ஸ்ரே மேசையைத் தொட்டதுபோல இருந்தது.

மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார், கோபக்காரரா, அவள் தொடர்ந்து வேலைக்குப் போவாளா என்றெல்லாம் அந்தக் குரல் விசாரித்தது. அவசரமே இல்லை. கடைசியில் கேட்டது:

"நீயா சந்தோஷப்பட்டுச் சொல்றியா? இல்ல, இவங்க சொல்லச் சொல்றாங்கன்னு சொல்றியா?"

"நானாத்தான் சொல்றேன் பெரியத்தா. எனக்குப் பிடிச்சிருக்கு."

"அப்போ சரி. கத்திரியைக் கூப்பிடு."

கத்திரி என்பது மாமாவுக்கு அத்தாவின் குடும்பத்தில் வைத்த பட்டப்பேர். வெளியில் யாருக்கும் தெரியாது. ஆகவே பேசுவது பெரியத்தாதான் என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே வரவில்லை. "கத்திரி, நீ வளர்த்த பிள்ளை. என் இடத்துல நின்னு நீயே கொடு" என்றது குரல். மாமா தேம்பித் தேம்பி அழுதார். போன் அதுவாகவே அணைந்துவிட்டது. ஹஜ்ரத் திருப்தியோடு தலையாட்ட, மாமா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அவளைக் கொடுத்தார்.

அம்மா மட்டும் அந்தக் குரல் கேட்டதுமே அடுப்படிக்குள் போய்விட்டாள். எல்லாம் முடியும்வரை வெளியே வரவில்லை.

சில வாரம் கழித்து, பெரியத்தாவைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று மாமா எல்லாரையும் கிளப்பினார். விட்டுப்போன உறவு ஒட்டியதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

கதவைத் திறந்தது பெரியத்தாவின் மகன். அவளுக்கு அண்ணன் முறை. யாரென்று தெரிந்ததும் கண் கலங்கி உள்ளே கூட்டிப்போனான். மாமா போன் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது.

"எங்க அத்தாவா பேசினாங்க?" என்று கேட்டான்.

உள்ளே கட்டிலில் பெரியத்தா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பக்கவாதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, அன்றிலிருந்து ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்ததில்லை, சொல்வது புரியும், கையைக் காட்டுவார், அவ்வளவுதான் என்றான் அண்ணன். அவர் விழுந்த நாளிலேயே போனும் உடைந்துபோனது, அந்த நம்பரை யாரும் புதுப்பிக்கவில்லை.

மாமா அங்கேயே நின்று அந்த நம்பரைப் போட்டார். அப்படி ஒரு நம்பரே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மறுபடி மறுபடி சொன்னது.

அவள் மாப்பிள்ளை பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள். வலி இல்லாத நிக்காஹ் செல்லாது என்று அவளுக்குத் தெரியும். அப்படியானால் இத்தனை நாள் யார் வீட்டில், என்ன உறவில் இருந்தோம் என்று நினைத்தாள். மாப்பிள்ளை அவள் நகர்ந்த இடத்தில் தன் கைப்பையை எடுத்து வைத்தார். நான் தாண்டி வரமாட்டேன் என்பதுபோல.

மாமா ஹஜ்ரத்துக்குப் போன் போட்டார். அவர், தெரியாமல் நடந்ததில் பாவமில்லை, ஆனால் புதிதாகச் செய்துவிடுங்கள் என்றார். பேச முடியாதவருக்குத் தெளிவான சைகையே போதும் என்றும் சொன்னார்.

தெருமுனைப் பள்ளிவாசல் இமாமும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார்கள். முதலில் அவளிடம் கேட்டார்கள். சம்மதம் என்றாள். பிறகு இமாம் பெரியத்தாவிடம் குனிந்து, இந்தப் பிள்ளையைக் கொடுக்க அவள் மாமாவுக்கு அனுமதி தருகிறீர்களா என்று கேட்டார்.

பெரியத்தா இல்லை என்று தலையாட்டினார். பழைய கோபம் இன்னும் போகவில்லையோ என்று மாமா கையைப் பிசைந்தார். ஆனால் பெரியத்தா நல்ல கையைத் தூக்கி, தூசி தட்டுவதுபோல அசைத்தார்.

அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அது முடிஞ்சுபோச்சுங்கிறார்."

இமாம் விளக்கிச் சொல்லி மறுபடி கேட்டார். பெரியத்தா மெதுவாக முகத்தைத் திருப்பினார். சுவரோரம் ஒரு காலி நாற்காலி கிடந்தது. அதையே பார்த்தார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி பார்த்தார். பிறகு சரி என்று ஒப்புக்கொண்டவர்போலக் கண்ணை மூடித் திறந்து, மாமாவை நோக்கிக் கையை உயர்த்தினார்.

நிக்காஹ் முடிந்தது. அவள் மாப்பிள்ளையின் கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வாசல்வரை வழியனுப்ப வந்த அண்ணன் அவளிடம் மட்டும் சொன்னான். அந்த நாற்காலியில் அத்தா யாரையும் உட்கார விடுவதில்லை. விருந்தாளி வந்தால்கூட.

திரும்பி வரும்போது மாமா வாயே திறக்கவில்லை. பஸ் ஜன்னலோரம் அம்மாவின் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு அன்னைக்கே தெரியுமாம்மா?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அண்ணன் தம்பி குரல் ஒண்ணாத்தான் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா உங்க மாமனை முகத்துக்கு நேராக் கத்திரின்னு கூப்பிட்டது அந்த வீட்டுல உங்க அத்தா ஒருத்தர்தான்."

"அப்புறம் ஏன் நீ வெளிய வரல?"

"வந்து போனைப் புடிச்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்டி. உன் கல்யாணம் அங்கேயே நின்னுபோயிருக்கும்."

அவள் அம்மாவின் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். ஊர் வரும்வரை விடவில்லை.