ஒத்துக்கொள்ளக் கூடாது

சனிக்கிழமை ஹில்ஸ்பரோவில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். சமையலறையில் மின்னடுப்புதான் இருந்தது. பால் நெருப்பில் பொங்க வேண்டும் என்று தியாகலிங்கம் பின்வளவில் கல் வைத்து விறகு மூட்டினான். பொங்கியது. எல்லாரும் உள்ளே சாப்பிடப் போனார்கள். பால் காய்ச்சிய அடுப்பில் தண்ணீர் ஊற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பின்னேரம் காற்று எழும்பியது. மரவேலி பற்றியது. அதற்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கொலின் தன் கையால் கட்டிக்கொண்டிருந்த பாய்ப்படகும் பற்றியது.

திங்கட்கிழமை நோபேட் வந்தான். அவர்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தவன்.

"வீட்டு இன்சூரன்ஸ் பக்கத்து வீட்டுச் சேதத்துக்கும் ஓரளவு குடுக்கும், அண்ணை. படகு அதுக்கு மேல போகும். மிச்சத்தை அதுக்கு மேல எடுத்த 'அம்பிரெல்லா' பொலிசி குடுக்கும்."

"குடைக்கு மேல குடையோ எண்டு நான் அண்டைக்குச் சிரிச்சனான்."

"சிரிச்சுச் சிரிச்சுக் கையெழுத்தாவது வைச்சியளே. இப்ப கேளுங்கோ. பிழை எங்கட எண்டு ஒருத்தரும் போய்ச் சொல்லக்கூடாது. காசு தாறம் எண்டும் சொல்லக்கூடாது. சொன்னா ரெண்டு பொலிசியிலயும் கைவிரிப்பாங்கள்."

"விரிச்சா?"

"வீட்டை வித்துத்தான் படகுக் காசு."

தியாகலிங்கத்தின் மனைவி ரதிதேவி ஜன்னலோரம் நின்றாள்.

"அந்த மனுசன்ர முகத்தைப் பாக்காம எப்பிடி இருக்கிறது?"

"கர்ட்டினை மூடுங்கோ, அக்கா."

மூடினாள். திறந்தாள். கொலின் சாம்பலைக் கிளறிப் படகின் செப்பாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவை வாளியில் விழும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. தியாகலிங்கம் வானொலியைக் கூட்டினான். அவள் குறைத்தாள். கழுவிய பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

அடுத்த நாள் அவன் வேலையால் வந்தபோது அவளுடைய சேலைக் கரையில் கரி இருந்தது.

"போனனீரோ?"

"போனனான். உங்கட நெருப்போ எண்டு கேட்டார். ஓம் எண்டனான்."

சப்பாத்தைக் கழற்றாமலே நோபேட்டுக்குத் தொலைபேசி எடுத்தான். நடந்ததைச் சொன்னான். நோபேட் உடனே குறுக்கிட்டான்.

"நெருப்பு எங்கட எண்டது நடந்த விசயம், பிழையை ஒத்துக்கொண்டதாகாது. காசு தாறம் எண்டவாவோ? கேளுங்கோ."

ரதிதேவியிடம் கேட்டான்.

"சொல்லத்தான் வாயெடுத்தனான். அழுகை வந்திட்டுது. அந்தாள் கதிரை கொண்டுவந்து என்னை இருத்தினவர்."

"காசுக் கதை இல்லையாம்."

"அப்ப இன்னும் வழி இருக்கு. உறுதியாச் சொல்லேலாது. நாளைக்குக் கொம்பனி ஆக்கள் பாக்க வருவினம். அதுவரைக்கும் அக்காவை அங்கால விடாதேங்கோ."

"விடமாட்டன்" என்று சொல்லித் திரும்பினான்.

பின்கதவு திறந்து கிடந்தது. ரதிதேவி சோற்றுப் பாத்திரத்தோடு எரிந்த வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.